கால்கட்டு



மைதானத்தில் பந்தாடும் பிள்ளைக்கும், விடியுமுன் எழுந்து மிதிவண்டியில் ஊரைச் சுற்றி வரும் இளைஞனுக்கும், கிணற்றில் நீந்தாமல் ஒரு நாளையும் கழிக்க அறியாத சிறுவனுக்கும் என்றாவது ஒரு நாள் கையோ காலோ பிசகிவிடுகிறது. எலும்பை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆனால், போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாமல் வாரக்கணக்கில் வீட்டில் கிடந்து புழுங்கும் மனத்தை யார் பார்த்துக்கொள்வது? இதுபற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டபோது, நான் மருத்துவன் அல்லனே என்று தயங்கினேன். "நீங்கள் கால் முறிந்து கிடந்தவர் அல்லவா? அந்தத் தகுதி போதும்" என்றார்கள். ஆகவே, பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மதுராந்தகத்துக்கு அருகில் ஏரியை ஒட்டிய ஒரு சிற்றூர். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் எங்களுக்குத் தொலைவல்ல. மழைக்காலம் பிறந்துவிட்டால் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் வக்காவும் எங்கள் ஏரிக்கும் இரை தேடி வரும். குளிர்நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்துகளும் வந்து இறங்கும். அவற்றைப் பார்த்து எழுதி வைப்பது எனக்கு 28 ஆண்டுப் பழக்கம். காலையில் ஐந்தரை மணிக்குக் கரைமேல் ஏறுவேன். மாலையில் பள்ளிக் கோப்புகளை மூடியவுடன் மறுபடியும் அங்கேதான் போவேன். இருட்டிய பிறகே வீடு திரும்புவேன். ஓய்வு பெற்ற பின் அந்தப் பழக்கம் குறையவில்லை; கூடிற்று. இதனால் வீட்டில் உள்ளவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இரண்டு மூன்று நாள் அடைமழை பெய்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. அதைப் பார்க்கும் ஆசையில் கலங்கலின் கற்படியில் இறங்கினேன். படியில் பாசி. வலக்கால் உட்புறமாக மடங்கிற்று. சுள்ளி ஒடிவதுபோல் ஓர் ஓசை. கையிலிருந்த தொலைநோக்கியைத் தண்ணீரில் விழாமல் காப்பாற்றிவிட்டேன். காலைக் காப்பாற்றவில்லை!

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த இருவர் ஓடி வந்து தூக்கினார்கள். அவர்களுள் பெரியவர், "ஐயா, சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்றார். அன்போடு சொன்ன சொல். ஆயினும் நான் இணங்கவில்லை. நீங்களும் இணங்காதீர்கள். அடிபட்ட இடம் வீங்கி, அதன்மேல் ஊன்றி நான்கு அடி வைக்க முடியாமற் போனால், எலும்பு முறிந்திருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். முறிந்த இடத்தை உருவினால் விலகாத எலும்பும் விலகும். உள்ளே இரத்தக் கசிவும் மிகும். காலை அசையாமல் வைத்து, உயரமாக நீட்டி, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றடம் கொடுத்து, எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதே முறை.

முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்புகள் உள்ளன. உடற்பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது தடித்த எலும்பு. அதன் வெளிப்புறமாக ஒட்டி நிற்கும் மெல்லிய எலும்பின் கீழ்முனைதான் நாம் தடவிப் பார்க்கக்கூடிய வெளிப்பரடு. எனக்கு முறிந்தது அதுதான். எலும்பு விலகவில்லை, படத்தில் தலைமயிர் போன்ற ஒரு கோடு மட்டும் தெரிந்தது. "அறுவை வேண்டாம், மாவுக்கட்டே போதும். ஆனால் ஆறு வாரத்துக்கு இந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஐயா" என்றார் மருத்துவர்.

மாவுக்கட்டு என்பது என்ன? ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள நீரில் பெரும்பகுதி நீங்கி வெள்ளை மாவாகிறது. அந்த மாவில் மீண்டும் நீர் சேர்த்தால், இழந்த நீரை அது வாங்கிக்கொண்டு கல்லாக இறுகுகிறது. இறுகும்போது வெப்பம் வெளிப்படும். கட்டுப் போட்ட சில நிமிடங்களில் என் கால் கதகதப்பாயிற்று. வேதியியல் பாடத்தை உடம்பிலேயே நடத்தியதுபோல் இருந்தது. துணியில் இம்மாவைத் தடவிக் கட்டும் முறையை 1850களின் தொடக்கத்தில் பரப்பியவர் அந்தோனியசு மதைசன் என்னும் டச்சுப் படை மருத்துவர். பாரிசு நகரத்துச் சாந்து என்று மேல்நாட்டார் இதை அழைப்பதற்குக் காரணம், அந்நகரின் மோன்மார்த்துக் குன்றில் ஒரு காலத்தில் ஜிப்சம் மிகுதியாக வெட்டி எடுக்கப்பட்டதுதான். நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்திலும் இது கிடைக்கிறது.

கட்டுக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. பழுது பார்க்கும் உயிரணுக்கள் அங்கே வந்து கூடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான ஓர் இணைப்பு இரு முனைகளையும் பற்றிக்கொள்கிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கெட்டியாகிறது. முறிவு கூடிய பின்னும் வேலை முடிவதில்லை. மிகுதியாகச் சேர்ந்ததைக் கரைப்பதும், பாரம் விழும் திசையில் வலுச் சேர்ப்பதுமாக மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும், செப்பனிடுதல் தொடரும். பிள்ளைகளுக்கு விரைவாகக் கூடும். என்னைப் போன்றவர்களுக்கு மெதுவாகத்தான் கூடும். புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்ட காலின் விரல்கள் நீலம் பாய்ந்தாலும், மரத்துப்போனாலும், உயரமாக வைத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலும், அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அன்று. நள்ளிரவானாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இவ்வளவும் அறிந்தவனாகிய நான் எப்படி நடந்துகொண்டேன்?

முதல் வாரம் வலி இருந்தது. ஆகையால் வேறு நினைவு இல்லை. இரண்டாம் வாரம் வலி குறைந்தது, கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம் வேண்டுமே! காப்பி ஆறியிருந்தது ஒரு காரணம். செய்தித்தாளின் பக்கம் மாறியிருந்தது ஒரு காரணம். ஒரு நாள் என் மனைவி ஜன்னல் கதவைச் சாத்திவிட்டாள் என்பதற்காக, ஒரு காலத்தில் மாணவர்கள் நடுங்கிய அதே குரலில் கூவினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "கால் முறிந்தது உங்களுக்கு மட்டும் இல்லைங்க" என்று மெல்லச் சொல்லிச் சென்றாள். குளிக்கவும் எழவும் உட்காரவும் என்னைத் தாங்கிப் பிடித்து அவள் தோள் நொந்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். நம் ஊரில் திருமணத்தைக் கால்கட்டு என்பார்கள். 37 ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்ட அந்தக் கட்டை நான் ஒரு நாளும் உணர்ந்ததில்லை. காலை, மாலை இரு வேளையும் ஏரியில் இருந்தவன் எங்கே உணர்வது?

பக்கத்து வீட்டுப் பையன், ஒன்பதாம் வகுப்பு மாணவன், என் முகத்தைப் பார்த்து இரங்கினான் போலும். "ஐயா, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டான். நல்லது என்று அனுப்பினேன். அவன் கொண்டுவந்த குறிப்புகளில் பிழை திருத்துவதே என் வேலையாயிற்று. நாரையைக் கொக்கு என்று எழுதியிருப்பான். எண்ணிக்கையை 'நிறைய' என்று எழுதியிருப்பான். நான் சிவப்பு மையால் கோடிட்டுக் கொடுத்தேன். நான்காம் வாரத்தின் இறுதியில் ஒரு நாள் அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஐயா, நீங்கள் சொன்ன ஊசிவால் வாத்து வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல்!"

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. என் மனைவி கடைக்குப் போயிருந்த வேளையில் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு, அவன் மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து ஏரிக்குப் போனேன். பையன் தயங்கினான், நான்தான் அதட்டினேன். வாத்துகளைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் மிக்க மகிழ்ச்சியாக இருந்தேன். இறங்கும்போது வண்டி சாய்ந்தது. முறிந்த காலை முழுப் பாரத்தோடு ஊன்றிவிட்டேன்.

அன்று இரவு கால் கட்டுக்குள் அடங்காமல் வீங்கிற்று. மறுநாள் எடுத்த படத்தில் தலைமயிர்க் கோடு அகன்றிருந்தது. மென்மையான இணைப்பு கெட்டிப்படும் சமயத்தில் அதை அசைத்துவிட்டேன் என்றும், மேலும் ஐந்து வாரம் ஆகும் என்றும் மருத்துவர் சொன்னார். அவர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் அந்தப் பையன் அழுதுகொண்டு நின்றான், தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று. ஒரு சிறுவன் மீது அப்படிப்பட்ட பாரத்தை ஏற்றிவைத்தேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அவனை அழைத்து, பிழை என்னுடையது என்று அவன் தந்தையின் முன்னிலையில் சொன்னேன்.

அந்த ஐந்து வாரங்களைப் பற்றித்தான் உங்களிடம் விரிவாகப் பேச வந்தேன்.

போக முடியாது என்பது முடிவாகிவிட்டபின் மனம் ஒருவாறு அடங்கிற்று. நாற்காலியைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் போடச் சொன்னேன். எதிரே ஒரு கிணறு, இரண்டு மாமரங்கள், முருங்கை, ஒரு வாழைக்குழி, அவ்வளவே. காட்சி குறுகியது, ஆகவே காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு வெள்ளைத்தாளின் நடுவில் புள்ளி வைத்தேன், அது நான். எந்தத் திசையிலிருந்து என்ன குரல் கேட்கிறதோ, அந்தத் திசையில் அதைக் குறித்து, நேரத்தையும் எழுதினேன். பெயர் தெரியாத குரலுக்கு அதன் ஓசையையே பெயராக எழுதிவைத்தேன். பறவையைக் கண்ணால் கண்ட அன்று அந்த இடத்தில் அதன் பெயரை நிரப்பினேன். நீங்கள் இதைச் செய்து பாருங்கள். விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்துகூடச் செய்யலாம்.

செப்புக்குடத்தைத் தட்டுவதுபோல் ஒரே சீராக ஒலிக்கும் குக்குறுவானின் குரலை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல் வந்தது. அந்தப் பறவை அலகை மூடிக்கொண்டே ஒலிக்கிறது. தொண்டைத் தோல்தான் உப்பி உப்பி அடங்குகிறது. 28 ஆண்டுகளில் இதை நான் கவனித்ததில்லை. நடந்துகொண்டே இருப்பவன் ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் எதற்காக நிற்கப் போகிறான்?

ஒரு மாலை, ஆறு மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கையில், மாமரத்தடியிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழுந்தது. தெளிவான, உரத்த குரல். எனக்கு மெய் சிலிர்த்தது. அது ஆறுமணிக் குருவி. வடநாட்டார் நவரங்கம் என்று அழைக்கும் பல வண்ணப் பறவை. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் இனம் பெருக்கி, குளிர்காலத்துக்குத் தெற்கே நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் வருவது. உதிர்ந்த இலைகளைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்னும். பகலில் சந்தடி காட்டாமல் இருந்து, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். அதனால்தான் நம்மவர்கள் மணியையே பெயராக வைத்தார்கள். என் குறிப்பேடுகள் முப்பதிலும் அது நான்கே முறைதான் இடம் பெற்றிருந்தது; அதுவும் வெளியூர்க் காடுகளில்.

"இங்கே வா, ஓர் அதிசயம் கேள்!" என்று என் மனைவியைக் கூவி அழைத்தேன். விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் வந்து கேட்டாள். "இதுவா? இது விளக்கு வைக்கிற நேரத்துக் குருவி. வருஷா வருஷம் வருமே! நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்கிறேன்" என்றாள்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது எப்போது?"

பறவைகளைப் பற்றி ஊர் ஊராகச் சென்று பேசியவன் நான். எதிலிருந்து எதுவரை அது இருக்கும், எந்த மரத்தடியை விரும்பும், அடைமழை நாளில் கூவுமா என்றெல்லாம் அன்று அவளிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். மாமரத்துச் சருகைக் கூட்டாமல் விட்டுவைப்பது ஏன் என்று முன்பு பலமுறை அவளைக் கடிந்திருக்கிறேன். அந்தச் சருகில்தான் அது மேய்கிறதாம்.

பொங்கல் வந்தது. ஆண்டுதோறும் அந்நாட்களில் தமிழகம் முழுதும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நான் மாணவர்களை ஏரிக்கு அழைத்துப் போவது வழக்கம். இம்முறை அந்தப் பையனைத் தலைவனாக்கி அனுப்பினேன். சிவப்பு மை வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். கணக்கெடுப்பின் விதி எளியது: எந்த இடத்திலாவது குறைந்தது 15 நிமிடம் பார்த்தும் கேட்டும் எழுத வேண்டும். கால் முறிந்தவனையும் அது விலக்கவில்லை. நானும் என் மனைவியும் கொல்லையில் அமர்ந்து 19 இனங்களை எழுதினோம். அவற்றுள் மூன்றை முதலில் கேட்டவள் அவள்.

அமெரிக்க நாட்டு அறிஞர் எட்வர்டு வில்சனைப் பற்றி இங்கே ஒரு சொல். ஏழு வயதில், 1936ஆம் ஆண்டுக் கோடையில், புளோரிடாக் கடற்கரையில் மீன் பிடிக்கும்போது துள்ளிய மீனின் முதுகுமுள் குத்தி அவருடைய வலக்கண் பார்வை போயிற்று. வளர்ந்தபோது நுண்ணிய ஒலிகளைக் கேட்கும் திறனும் குறைந்தது. பறவையும் தவளையும் அவருக்கு எட்டாமற் போயின. எஞ்சிய ஒரு கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கக்கூடிய எறும்புகளை அவர் எடுத்துக்கொண்டார். 2021இல் மறையும்வரை உலகின் தலைசிறந்த எறும்பியல் அறிஞராக விளங்கினார். இதைச் சொல்லி, காயம் ஒரு வரம் என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டிருந்தால், இரண்டு கண்ணும் வேண்டும் என்றுதான் எந்தச் சிறுவனும் சொல்லியிருப்பான்.

ஜனவரி இறுதியில் கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கால் என்னுடையதுதானா என்று ஐயுற்றேன். தோல் செதிலாக உரிந்தது. தையற்காரர் நாடாவால் அளந்தேன்: இடக் கெண்டைக்கால் 34 சென்டிமீட்டர், வலது 31. பயன்படாத தசை இளைக்கும். பாரம் தாங்காத எலும்பும் இளைக்கும். எடையின்றி மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு, உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு விழுக்காடு முதல் ஒன்றரை விழுக்காடு வரை குறைகிறது. அதனால்தான் விண்வெளி நிலையத்தில் அவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள்.

இயன்முறை மருத்துவம் செய்ய வந்த இளம்பெண் எனக்கு இட்ட முதல் பயிற்சி என்ன தெரியுமா? "ஐயா, கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள்" என்றாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு அகரம் எழுதக் கற்பித்தவன் நான். காலால் என் முதல் அகரம் சுழிக்கவே இல்லை. எளிதாக வந்தது ஆய்த எழுத்து மட்டும்தான். கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்தது, சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. பந்தாடும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களிலும் பிணைப்புகளிலும் உள்ள நரம்பு முனைகள், கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்கு ஓயாமல் தெரிவிக்கின்றன. அடிபட்டபின் அந்தச் செய்தி மந்தப்படுகிறது. வலி நின்றுவிட்டது என்று ஆட்டத்துக்கு ஓடுபவன் அதே காலை மீண்டும் மடக்கிக்கொள்வது இதனால்தான். வலி நின்ற நாள் வேறு, கால் தேறிய நாள் வேறு. இரண்டாவதை இயன்முறை மருத்துவர் சொல்லட்டும். உங்கள் ஆசை சொல்ல வேண்டாம். நான் சொல்லக் கேட்டுக் கெட்டவன்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை ஏரிக்கரை ஏறினேன். கைத்தடி ஒரு பக்கம். மறுபக்கம் என் மனைவி. இத்தனை ஆண்டுகளில் அவள் கரைக்கு வந்தது அதுவே முதல்முறை. மதகுவரைதான் போக முடிந்தது. முன்பு நான் நடக்கும் தொலைவில் பாதிகூட இல்லை. ஊசிவால் வாத்துகள் போய்விட்டிருந்தன. முன்னே சென்ற பையன் திரும்பி வந்து தன் குறிப்பேட்டை நீட்டினான். நத்தைகுத்தி நாரை 63 என்று எழுதியிருந்தான். நான் 58 எண்ணியிருந்தேன். கருவேலமரத்துக்குப் பின்னால் ஐந்து இருப்பதை அவன் காட்டினான்.

இப்போது காலை வேளையில் ஏரி. மாலையில் கொல்லைத் தாழ்வாரம். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் அந்தியில் ஆறுமணிக் குருவியின் குரல் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. நான் மணியைப் பார்ப்பதும் மாமரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். "போய்விட்டது, ஐப்பசி மழையோடு வரும்" என்று சொல்லிவிட்டு என் மனைவி விளக்கேற்றப் போனாள். அவள் சொன்னபடியே தேதியிட்டு எழுதிக்கொண்டேன்.